ஏழு வயதில் தெரிந்த கறை, இரண்டு வயதில் குடித்த தண்ணீர்

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி வந்தது தருமபுரி மாவட்டம், காரிமங்கலத்துக்கு அந்தப்புறம் இருக்கும் ஒரு கிராமம். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்று ராத்திரி அம்மா என்னிடம், "பையன் நல்ல மாதிரிதான் தெரியுது, பல்லைப் பார்த்தா பாக்கு போடுற ஆள் மாதிரி இருக்கே, விசாரிக்கணும்டி" என்றாள். விசாரித்தார்கள். பாக்கு, புகையிலை, பீடி எதுவும் கிடையாது. கல்யாணத்தில் அவர் பக்கத்து உறவுகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாதிப் பேருக்கு முன்பல்லில் அதே பழுப்புப் பட்டை. அத்தையிடம் ஒருநாள் கேட்டேன். "எங்க ஊரு பல்லே இப்படித்தான் கண்ணு, தண்ணி அப்படி" என்று அத்தோடு முடித்துவிட்டார்.

தண்ணியில் ஏதோ கோளாறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபுளோரைடு என்ற பெயர்கூடத் தெரியும், சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: அது பல்லுக்குள் எப்போது போகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏகப்பட்ட பணமும் ஒன்றரை வருஷமும் போயின. கைக்குழந்தை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காவது அந்தச் செலவு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மூத்தவள் பிறந்தபோது எனக்கு மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதும் வேலை. சீசன் நேரம், நீண்ட விடுப்பு கொடுக்க மாட்டோம் என்றார்கள். குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போதே புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பால் பவுடரைக் கலப்பது எங்கள் வீட்டு போர் தண்ணீரில். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டித்தான் கலப்பார் அத்தை. சுத்தத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், எல்லாம் அதே தண்ணீர். எங்கள் போர் தண்ணீருக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் வேறு. பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரைக்கும், உப்புக் கரிக்காது. "உங்க வீட்டுத் தண்ணி தேவாமிர்தம்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஃபுளோரைடு அதிகம் இருக்கும் நிலத்தடி நீரில் பல நேரம் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கும், அதனால்தான் பருப்பு அப்படி வேகிறது என்பது பின்னால் தெரிந்துகொண்டது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நாக்கை நம்பி இந்தத் தண்ணீர் நல்லது, அது கெட்டது என்று முடிவுகட்டவே முடியாது.

பால்பல் எல்லாம் பளிச்சென்று முளைத்தன. எங்கள் அம்மா பக்கத்துப் பல் வந்திருக்கிறது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தோம். பால்பல்லில் பெரும்பாலும் இந்தக் கறை தெரியாது, தெரிந்தாலும் லேசாகத்தான் தெரியும். அதனால் பால்பல்லை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆறரை வயதில் முன்பல் விழுந்து புதுப்பல் வந்தது. வரும்போதே அதில் மினுமினுப்பு இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கலான வெள்ளை, குறுக்கே மெல்லிய கோடுகள். ஒரு வருஷத்துக்குள் அந்தக் கோடுகள் மஞ்சளாகி, பிறகு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டன. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் வெளி மாவட்டத்துக்காரர். வகுப்பில் எல்லார் முன்னாலும் "பல் விளக்கிட்டு வரமாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் வேண்டுமென்று கேட்டிருக்க மாட்டார், தெரியாமல்தான். ஆனால் என் பெண் அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை பல் விளக்க ஆரம்பித்தாள். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அதைப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. யார் என்ன விற்றாலும் வாங்கும் நிலையில் இருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. டவுனில் ஒரு பல் கிளினிக்கில் கிளீனிங் செய்தால் போய்விடும் என்று 1,200 ரூபாய் வாங்கினார்கள். காரை போனது, கறை போகவில்லை. கறை பல்லின் மேலே படிந்தது அல்ல, பல்லோடு சேர்ந்து உருவானது. எத்தனை தடவை கிளீனிங் செய்தாலும் அது நகராது. வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் பல்பொடி, யாரோ சொன்ன எலுமிச்சையும் சோடா உப்பும் என்று இன்னொரு 1,500 ரூபாய். எலுமிச்சை வைத்துத் தேய்ப்பதை யாரும் செய்யாதீர்கள்; இந்தப் பற்களின் மேற்பூச்சு ஏற்கெனவே பொத்தல் பொத்தலாக இருக்கும், புளிப்பு அதை இன்னும் அரிக்கும், கூச்சம்தான் மிச்சம். அடுத்த கிளினிக்கில் முன்பல் நாலுக்கும் செராமிக் கேப் போட்டுவிடலாம், ஒன்றுக்கு 5,000 என்று சொல்லி, 5,000 முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு வேண்டாம் என்று போனபோது அந்தப் பணம் திரும்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேப் போடச் சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்பறை பெரிதாக இருக்கும், கேப்புக்காகப் பல்லைச் செதுக்கினால் நரம்பு பாதிக்கலாம். பல்லும் ஈறும் தாடையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், இன்று பொருந்துவது நாலு வருஷத்தில் பொருந்தாது.

இதற்கு நடுவில் தண்ணீர்தானே காரணம் என்று தவணையில் ஒரு ஃபில்டர் வாங்கினோம், 9,800 ரூபாய். நீல விளக்கு எரியும், பார்க்க அழகாக இருக்கும். அது யூவி ஃபில்டர். கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். ஃபுளோரைடு கிருமி இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு.

கடைசியில் சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் பெண், என் மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எந்த ஊர்மா? குடிக்கிறது போர் தண்ணியா, குழாயில வர்ற ஒகேனக்கல் காவிரித் தண்ணியா?" என்று கேட்டது. அதுவரை பார்த்த யாரும் கேட்காத கேள்வி. ஒரு தாளில் தாடையை வரைந்து காட்டி விளக்கியது. நிரந்தர முன்பல் வெளியே தெரிவது ஆறு, ஏழு வயதில்தான். ஆனால் ஈறுக்குள் அது கட்டப்படுவது பிறந்த சில மாதங்களில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முன்பல்லுக்கு முதல் மூன்று வயதுதான் ரொம்ப முக்கியம். அந்த நேரத்தில் உடம்பில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் என்கிற பல்லின் மேற்பூச்சு சரியாக இறுகாமல் பொத்தலாக நின்றுவிடும். அந்தப் பொத்தலில் பல் வெளிவந்த பிறகு சாயம் ஏறுவதுதான் பழுப்பு. கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் இன்னும் தாமதமாக உருவாகும், எட்டு வயதுவரை கவனம் வேண்டும். அதற்குப் பிறகு குடிக்கும் தண்ணீரால் புதிதாகப் பல்லில் கறை வராது, ஞானப்பல் ஒன்றைத் தவிர. எலும்புக்கு மட்டும் எந்த வயதிலும் ஆபத்து உண்டு.

அதாவது, நான் மகளின் பல்லைப் பார்த்துப் பதறி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்கு நடக்க வேண்டியது நடந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த டாக்டர் அடுத்துக் கேட்டது: "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கா?" இருந்தான். எட்டு மாதம். மடியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்போதுதான் கூழ் ஆரம்பித்திருந்தோம், அதே தண்ணீரில். "மூத்த பொண்ணுக்கு வெச்சிருக்க காசை இவன் தண்ணிக்குச் செலவு பண்ணுங்கம்மா, இவளுக்கு நாங்க இருக்கோம்" என்றது அந்தப் பெண். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் மலிவும்கூட. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் பரிசோதனைக் கூடம் உண்டு, தனியாரும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் அவர்களே பிளாஸ்டிக்தான் கேட்பார்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்கவேண்டும். கொடுக்கும்போது வாய்விட்டு "ஃபுளோரைடு பார்க்கணும்" என்று சொல்லுங்கள், கிருமிப் பரிசோதனை வேறு, இது வேறு. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை பார்ப்பது நல்லது, அளவு மாறும். ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் கையடக்கப் பரிசோதனைப் பெட்டியிலும் பார்க்கலாம். மருந்து சேர்த்ததும் இளஞ்சிவப்பாக இருப்பது ஃபுளோரைடு கூடக்கூட மஞ்சளுக்குப் போகும். அது உத்தேசம்தான், முடிவெடுக்கக் கூடத்து அறிக்கை வேண்டும்.

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5தான். எங்கள் தேவாமிர்தத்தில் 2.8 இருந்தது. இரண்டு வீடு தள்ளி, உப்புக் கரிக்கிறது என்று யாரும் குடிக்காத போரில் 1.1. பாறையைப் பொறுத்து ஒரே தெருவில் இப்படி மாறும். இந்தப் பக்கம் முழுக்கக் கருங்கல் பாறை. பாறையில் இருக்கும் தாதுவிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குகிறது. ஆழத்தில் வெகுகாலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். பக்கத்து வீட்டு அறிக்கையை வைத்து உங்கள் தண்ணீரைத் தீர்மானிக்காதீர்கள்.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. சொல்லியிருக்கவே வேண்டாமோ என்றுகூட அப்போது தோன்றியது. ஆனால் அவர் சொல்லித்தான் இன்று எங்கள் தெருவில் நாலு வீட்டில் கைக்குழந்தைக்கு வேறு தண்ணீர் கொடுக்கிறார்கள், நான் சொன்னால் யார் கேட்பார்கள்.

யூவி ஃபில்டரைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டு 13,500க்கு ஆர்ஓ வாங்கினோம். ஆர்ஓ ஃபுளோரைடின் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார். மாட்டிவிட்டுப் போன பிறகு அந்தத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். 0.9 வந்தது. இவ்வளவு செலவு செய்தும் ஏன் இவ்வளவு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டதில், ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் ஒரு திருகு உள்ளே இருக்கிறது என்றார். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். அதை முழுக்க மூடச் சொன்னேன். மறுபடி பரிசோதித்ததில் 0.2. அதேபோல் விற்க வருபவர்கள் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள், கம்பி போட்ட கருவியை விட்டுத் தண்ணீரைச் செங்காவி நிறமாக்கியும் காட்டுவார்கள். மீட்டர் காட்டுவது மொத்த உப்பு, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. செங்காவி வருவது அந்தக் கம்பியின் இரும்பு. இரண்டையும் பார்த்து மயங்காதீர்கள்.

ஆர்ஓ வாங்க முடியாதவர்களுக்கு மழைநீர் இருக்கிறது, அதில் ஃபுளோரைடு அனேகமாக இருக்காது. முதல் மழையை ஓடவிட்டுவிட்டு, சுத்தமான கூரையிலிருந்து மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம். வீடு முழுக்கத் தேவையில்லை, ஒரு கைக்குழந்தையின் பாலுக்கும் கூழுக்கும் போதுமானால் போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தக் கவலையே இல்லை. தாய் என்ன தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவாகத்தான் இறங்கும். இதை எனக்கு முதல் பிரசவத்தில் ஒரு ஆள் சொல்லியிருந்தால் அந்த வேலையை விட்டிருப்பேன். சின்னவனுக்கு விட்டேன்.

குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் என்பதும் போதாது. பெரும்பாலான வீடுகளில் கேன் தண்ணீர் குடிப்பதற்கு, போர் தண்ணீர் சமையலுக்கு. களி கிண்டினால் ஊற்றிய தண்ணீர் முழுக்கக் களிக்குள் தானே இருக்கிறது? கூழ், கஞ்சி, ரசம், டீ எல்லாம் அப்படித்தான். தேயிலைச் செடி இயல்பாகவே ஃபுளோரைடைச் சேர்த்துவைக்கும், அதனால் சின்னப் பிள்ளைக்கு டீத்தண்ணியில் பன் தொட்டுக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பேஸ்ட்டை விழுங்காமல் துப்பத் தெரியும்வரை எங்கள் பையனுக்கு ஃபுளோரைடு இல்லாததை வாங்கச் சொன்னார்கள். பெரியவளுக்குப் பட்டாணி அளவு வழக்கமான பேஸ்ட். பொத்தல் எனாமலில் சொத்தையும் சீக்கிரம் வரும் என்பதால் அவளுக்கு அது வேண்டுமாம். பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று சுண்ணாம்புச் சத்து வயிற்றில் இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் ஏறுவது குறையும். ஏறிய கறையை அது எடுக்காது.

மகளுக்கு அந்தக் கல்லூரியிலேயே மைக்ரோ அப்ரேஷன் செய்தார்கள். ரப்பர் விரிப்பு போட்டு ஈறை மறைத்துவிட்டு, லேசான அமிலமும் தேய்ப்புப் பொடியும் கலந்த பசையால் பல்லின் மேல் தோலை மட்டும் மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது. நான் கிளினிக்குகளில் தொலைத்ததில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழுப்பு பெரும்பாலும் போய்விட்டது, வெள்ளைத் திட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. மிச்சத்தைப் பதினெட்டு வயதுக்கு மேல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளுக்கு இப்போது வேண்டியது கிடைத்துவிட்டது. பள்ளி ஆண்டுவிழாப் படத்தில் பல் தெரிய நிற்கிறாள். ஆழமான குழிகள் விழுந்த பல்லுக்கு இது போதாது, அதற்குப் பல் நிறத்தில் பூச்சு வைக்க வேண்டிவரும். அதையும் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுவிட்டு வெளியே போங்கள்.

அத்தைக்கு முட்டிவலி, கழுத்துப் பிடிப்பு பல வருஷமாக உண்டு, வயசு என்று விட்டிருந்தோம். அந்த டாக்டர் சொன்னபடி வீட்டில் செய்யச் சொல்லிப் பார்த்தேன்: முட்டியை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் வைப்பது, கைகளைப் பின்னந்தலையில் கோப்பது. மூன்றும் அவரால் முடியவில்லை. அரசு மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தோம். எலும்பில் ஃபுளோரைடு ஏறியிருக்கிறது என்றார்கள். அவரும் இப்போது ஆர்ஓ தண்ணீர்தான்.

ஒகேனக்கல் தண்ணீர் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1,900 கோடி ரூபாய்க்கு மேல், ஜப்பான் கடனுதவியோடு, இந்த ஃபுளோரைடுக்காகவே போட்ட திட்டம் அது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் சந்தேகமில்லை. எங்கள் ஊரிலும் வருகிறது. ஆனால் எங்கள் மேல்நிலைத் தொட்டியில் அளவு போதாத நாளில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துதான் விடுகிறார்கள். தெருக்குழாயில் பிடித்துப் பரிசோதித்தபோது 1.6 இருந்தது. குழாயில் வருவதெல்லாம் ஒகேனக்கல் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். தொட்டி இயக்குபவரிடம் எந்த நாள் எது ஏறுகிறது என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்காகவே வைத்தது. நாங்கள் சில பெண்கள் பரிசோதனை அறிக்கைகளின் நகலோடு போய், இரண்டு கோரிக்கை வைத்தோம். தொட்டித் தண்ணீரின் ஃபுளோரைடு அளவை அங்கன்வாடிச் சுவரில் எழுதிப் போடவேண்டும். அங்கன்வாடிச் சமையலுக்குக் கலக்காத காவிரித் தண்ணீர் தனிக் குழாயில் வேண்டும். முதலாவதை எழுதிவிட்டார்கள். இரண்டாவது தீர்மானமாக நிறைவேறி, தாளில் இருக்கிறது. அதுவரை ஆயாவுக்கு எங்கள் வீட்டு ஆர்ஓவிலிருந்து காலையில் இரண்டு குடம் போகிறது. உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போனால் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.